கன்டென்டா, பேக்லிங்க்கா? கிருஷ்ணகிரி, தருமபுரி தொழில் செய்வோருக்கு முழுமையான எஸ்.இ.ஓ. வழிகாட்டி

போச்சம்பள்ளியை அடுத்த சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில் போன் செய்தார். "தம்பி, சைட்ல எழுதறதுக்குன்னு மாசாமாசம் உங்களுக்குக் காசு கொடுக்கறேன். இப்ப ஒரு பையன் கூப்பிட்டு, ஐயாயிரம் பேக்லிங்க் போட்டுத் தர்றேன், ஒரே மாசத்துல கூகுள்ல முதல்ல வந்துடலாம்ங்கறான். எழுதறதை நிறுத்திட்டு அதைப் பண்ணிடலாமா?"

பேக்லிங்க் என்றால் வேறொரு தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. போனில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. அன்று மதியமே வண்டியை எடுத்துக்கொண்டு போய், கன்றுப் பைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். அவருக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு ஓசூர், பாலக்கோடு, ஒகேனக்கல் என்று வெவ்வேறு தொழில்களுக்கு எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, செய்ததில் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்டென்ட் (தளத்தில் நாம் எழுதுவது) பெரிதா, லிங்க் பெரிதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. எந்தத் தேடலில் முன்னால் வர நினைக்கிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறும். அதே நர்சரியின் ஒரு பக்கத்துக்கு நல்ல எழுத்தே போதும். இன்னொரு பக்கம், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளியிலிருந்து யாராவது இணைப்பு கொடுத்தால்தான் நகரும். எந்தப் பக்கத்துக்கு எது குறைகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்வதுதான் வேலையில் பாதி.

லிங்க்குக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறீர்கள். நல்ல மாங்கன்று எங்கே கிடைக்கும் என்று நான்கு பேரிடம் கேட்கிறீர்கள். மூன்று பேர் ஒரே நர்சரியின் பெயரைச் சொன்னால் உங்கள் கால் அங்கேதான் போகும். அந்த மூவரில் ஒருவர் முப்பது வருடமாக மாந்தோப்பு வைத்திருப்பவர் என்றால் அவர் சொல்லுக்கு இன்னும் கனம் அதிகம். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் சாரம் இதுதான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பை அவர்கள் ஒரு சிபாரிசாகக் கணக்கிட்டார்கள். சிபாரிசு செய்யும் பக்கத்துக்கே நிறைய சிபாரிசு இருந்தால் அதன் வாக்குக்கு எடை கூடும்.

சிபாரிசால் லாபம் வரும் என்று தெரிந்ததும் சிபாரிசை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து இன்றுவரை நடப்பது, விற்பவர்களுக்கும் கூகுளுக்கும் இடையிலான துரத்தல். 2011-இல் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றம் (அப்டேட்), எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், போலி லிங்க் வாங்கிய தளங்களைத் தாக்கியது. 2016-இல் பெங்குவின், தரவரிசையைக் கணக்கிடும் கூகுளின் மைய அல்காரிதத்தோடு சேர்ந்துவிட்டது. அதன் பிறகு போலி லிங்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டனை வருவதில்லை, அவற்றுக்கு மதிப்பே கொடுக்கப்படுவதில்லை. 2022 ஆகஸ்டில் 'பயனுள்ள கன்டென்ட்' அப்டேட் வந்தது. 2024 மார்ச்சில் அதுவும் மைய அல்காரிதத்துக்குள் போனது.

கூகுள்காரர்கள் சொன்னதிலும் மாற்றம் இருக்கிறது. தரவரிசையை முடிவு செய்யும் முக்கியமான காரணிகள் எவை என்று 2016-இல் கேட்டபோது, கன்டென்டும் தளத்துக்கு வரும் லிங்க்குகளும் என்றார் கூகுளைச் சேர்ந்த ஆந்த்ரே லிபத்சேவ். அதே நிறுவனத்தின் கேரி இல்யேஸ் 2023-இல், லிங்க் முதல் மூன்றுக்குள் இல்லை என்றார். இதைக் கேட்டுவிட்டு "லிங்க் செத்துவிட்டது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. புதிய பக்கங்களைக் கூகுள் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் லிங்க் வழியாகத்தான். அதன் எடை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 1: வாடிக்கையாளர் வாயிலிருந்து கேள்விகளை எடுங்கள்

கீவேர்டு (தேடும் சொல்) கருவிகளைத் திறப்பதற்கு முன் உங்கள் போனைத் திறங்கள். கடந்த மூன்று மாத வாட்ஸ்அப் உரையாடல்களில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் அப்படியே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நர்சரிக்காரரின் நோட்டில் வந்தவை: "கன்னு என்ன விலை?", "ஏக்கருக்கு எத்தனை கன்னு வேணும்?", "அல்போன்சா நம்ம செம்மண்ணுல வருமா?", "எத்தனாவது வருசம் காய்க்கும்?", "ஒட்டு உடைஞ்சுட்டா என்ன பண்றது?"

வார்த்தை விஷயத்தில் இங்கே தனியாகக் கவனம் வேண்டும். நம் மாவட்டத்து விவசாயி பெங்களூரா என்று சொல்லும் அதே மாம்பழத்தைக் கடைத்தெருவில் கிளிமூக்கு என்பார்கள். கூழ் வாங்கும் வெளிநாட்டுக்காரர் தோத்தாபுரி என்று தேடுவார். மூன்றும் ஒன்றுதான் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றில் இரண்டு கூட்டம் உங்களைப் பார்க்காமலே போய்விடும்.

அடுத்து, அதே கேள்வியைத் தமிழ் எழுத்தில் ஒருமுறையும், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒருமுறையும், முழு ஆங்கிலத்தில் ஒருமுறையும் கூகுளில் தட்டிப் பாருங்கள். தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகளையும், பிறர் கேட்ட கேள்விகள் என்று கூகுள் காட்டும் பெட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் இருபது, முப்பது கேள்விகள் சேர்ந்தால் ஒரு வருட வேலைக்குப் போதும்.

படி 2: முடிவுப் பக்கத்தை வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தேடி, முதல் பத்து முடிவுகளையும் திறந்து பாருங்கள். யார் நிற்கிறார்கள் என்பதிலிருந்து உங்களுக்கு எது தேவை என்று தெரிந்துவிடும்.

முதல் பத்தில் பழைய வலைப்பூக்கள், கேள்விக்கு நேராக விடை சொல்லாத செய்திகள், யூடியூப் வீடியோக்கள், பாதிப் பொருத்தமான பக்கங்கள் என்று இருந்தால் அங்கே காலி இடம் இருக்கிறது. தமிழில் தேடும் கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்பது என் அனுபவம். அந்த இடத்துக்கு லிங்க் தேடி அலைய வேண்டியதில்லை, ஒழுங்காக ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

முதல் பத்தும் வேளாண் பல்கலைக்கழகம், பெரிய செய்தித்தாள், பல வருடமாக நிற்கும் பெரிய தளங்கள் என்று இருந்து, அவர்களும் கேள்விக்கு நன்றாகவே விடை சொல்லியிருந்தால், அதே விடையை நீங்கள் இன்னொரு முறை எழுதுவதில் பயனில்லை. 'இந்திய மாங்கூழ் ஏற்றுமதியாளர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் வருவது இப்படிப்பட்ட கூட்டம். வர்த்தக டைரக்டரிகளும் பழைய நிறுவனங்களும் நிற்கும் அந்த வரிசையில் நுழைய நல்ல பக்கமும் வேண்டும், அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் தரும் லிங்க்கும் வேண்டும்.

மேலே மேப்பும் மூன்று கடைகளும் வந்தால் விஷயமே வேறு. 'கிருஷ்ணகிரியில் நர்சரி', 'பக்கத்தில் மாங்கன்று' போன்ற தேடல்களில் பொருத்தம், தூரம், ஊரறிந்த பெயர் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. அங்கே முதலில் சரி செய்ய வேண்டியது, மேப்பில் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல். சரியான வகை, திறக்கும் நேரம், உண்மையான படங்கள், வாங்கியவர்கள் எழுதிய ரிவ்யூ ஆகியவை இருக்க வேண்டும். ரிவ்யூவுக்கு நீங்கள் எழுதும் பதிலையும் ஒதுக்காதீர்கள். கோபமாக எழுதியவருக்கு நீங்கள் பணிவாகச் சொல்லும் பதிலை அடுத்த நூறு பேர் படிப்பார்கள்.

நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'எழுத்து', 'எழுத்து + லிங்க்', 'மேப்' என்று குறித்துவிடுங்கள். நர்சரிக்காரரின் பட்டியலில் பெரும்பாலான கேள்விகளுக்கு 'எழுத்து' என்றுதான் வந்தது. ஐயாயிரம் லிங்க் வாங்கலாமா என்ற அவருடைய கேள்விக்கு அந்த நோட்டே விடை சொல்லிவிட்டது.

படி 3: உங்களால் மட்டும் எழுத முடிந்ததை எழுதுங்கள்

தரமான கன்டென்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தரம் என்றால் என்ன? இரண்டாயிரம் வார்த்தை என்பது தரம் ஆகாது. கீவேர்டைப் பத்து இடத்தில் வைப்பதும் ஆகாது. கூகுள் வார்த்தை எண்ணிக்கைக்கு எந்த அளவும் வைத்திருக்கவில்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்தப் பக்கத்தைப் படித்தவர் மறுபடி கூகுளுக்குத் திரும்பிப் போய் இதே கேள்வியைத் தேட வேண்டியிருக்குமா? வேண்டியிருக்காது என்றால் அது தரமான பக்கம்.

"எங்களிடம் உயர்தர மாங்கன்றுகள் நியாயமான விலையில் கிடைக்கும்" என்று பெரியவரின் பழைய பக்கத்தில் எழுதியிருந்தது. இதே வாக்கியம் இந்தியா முழுவதும் உள்ள நர்சரிகளின் தளங்களில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் கேட்கக் கேட்க வந்த விஷயங்களைப் பாருங்கள். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் இருக்க வேண்டும். வழக்கமான 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 40 கன்று, 5 மீட்டர் இடைவெளியில் சுமார் 160. நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியில் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் அதுதான் மரமாகும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் போய்விடும். முதல் மூன்று வருடம் வரும் பூவைக் கிள்ளிப் போட மனசு வராது, ஆனால் கிள்ளத்தான் வேண்டும். அல்போன்சா ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும், சதையில் பஞ்சு விழும் தொல்லையும் உண்டு. பெங்களூரா வருடா வருடம் காய்க்கும், கூழ் ஆலைக்குப் போகும், ஆனால் விலை ஆலைக்காரர் கையில் இருக்கும்.

கடைசி வரியை எழுத அவர் தயங்கினார். "இதெல்லாம் சொன்னா யாராச்சும் கன்னு வாங்குவாங்களா தம்பி?" என்றார். வாங்குவார்கள் என்றேன், நம்பிக்கையோடுதான் சொன்னேன். குறையையும் சேர்த்துச் சொல்பவரிடம்தான் ஜனங்கள் கன்று வாங்குவார்கள். பத்து ஏக்கரில் பெங்களூரா வைக்கப் போகும் ஒருவர் இருபது வருடத்துக்கான முடிவை எடுக்கிறார். அவருக்கு இந்த வரி தேவை.

தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்ல கூகுள் வைத்திருக்கும் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டுதலில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை என்று மூன்று அளவுகள் இருந்தன. 2022 டிசம்பரில் அனுபவம் என்ற நான்காவது சேர்ந்தது. இதற்கு நேராக மதிப்பெண் போடும் கருவி எதுவும் கூகுளில் இல்லை. ஆனாலும் எந்த மாதிரிப் பக்கத்தை மேலே கொண்டுவர அவர்கள் முயல்கிறார்கள் என்பது இதிலிருந்து புரிகிறது. நாற்பது வருடம் ஒட்டுக் கட்டிய கையின் படத்தைப் போட்டு, அவர் பெயரையும் ஊரையும் சொல்லி, அவர் சொன்னபடியே எழுதுவதைவிட அனுபவத்தைக் காட்டும் வழி எது?

ஏற்றுமதிக்காரர்களுக்கும் இதே கதைதான். மாங்கூழ் ஆலையின் பக்கத்தில் "உலகத் தரம்" என்று எழுதியிருப்பதால் துபாயில் இருப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. அவர் தேடுவது எண்களை. தோத்தாபுரி கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் (இனிப்பை அளக்கும் அலகு), அல்போன்சாவுக்கு 16, கெட்டியாக்கிய கூழுக்கு 28 என்று வழக்கமாகக் கேட்பார்கள். அமிலத்தன்மை எவ்வளவு, கிருமி நீக்கி அடைக்கும் அசெப்டிக் டிரம்மா தகர டின்னா, டிரம்முக்கு எத்தனை கிலோ, ஒரு கண்டெய்னரில் எத்தனை டிரம் ஏறும், எந்த மாதத்தில் அரைப்பு நடக்கிறது, என்னென்ன சான்றிதழ் இருக்கிறது? இவை எல்லாம் உங்கள் ஆலையில் லேப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் ஏற்றுவதுதான் பாக்கி.

ஏ.ஐ. கருவியால் எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கருவியைப் பயன்படுத்துவதைக் கூகுள் தடை செய்யவில்லை. தேடலில் ஏறுவதற்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் விதிமீறலாக அறிவித்திருக்கிறது, அதை மனிதன் செய்தாலும் கருவி செய்தாலும். நான் பார்த்தவரை, பெரியவர் பேசியதைப் பதிவு செய்து, அதை எழுத்தாக்கவும் பிழை பார்க்கவும் கருவியைப் பயன்படுத்தினால் நன்றாக வருகிறது. அவர் சொல்லாததை அதனிடம் கேட்டு எழுதினால், எல்லா நர்சரியும் சொல்லும் அதே வாக்கியங்களுக்குத்தான் திரும்ப வருவோம்.

படி 4: கூகுளால் படிக்க முடிகிறதா?

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். விலைப்பட்டியலைப் போட்டோவாகவும், விவரத்தை நோட்டீஸ் படமாகவும் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள், அதையே எழுத்தாகத் தட்டிப் போடுங்கள். பழைய டி.டி.பி. கடையில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழை அப்படியே ஒட்டினால் கூகுளுக்கு அது வெறும் குப்பை எழுத்து. எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். மொபைலில் பார்க்கும் பக்கத்தைத்தான் கூகுள் இப்போது அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது, அதனால் பக்கத்தை உங்கள் சாதாரண போனில், தோட்டத்துச் சிக்னலில் திறந்து பாருங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிவது கூகுள் சொல்லும் நல்ல அளவு. ஐந்து எம்.பி. மாம்பழப் படம் போட்டால் அது நடக்காது.

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவி இலவசம். இன்றே தளத்தை அதில் சேர்த்துவிடுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 5: உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் லிங்க்

வெளியே லிங்க் தேடி ஓடுபவர்கள் தங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி போடாமல் விட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். காசில்லாமல் கிடைப்பது இது. 'நடவு இடைவெளி' பக்கத்தில் அல்போன்சா என்று வரும் இடத்தில் அல்போன்சா பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" என்ற சொல்லில் லிங்க் வைக்காதீர்கள். "அல்போன்சா கன்று பராமரிப்பு" என்ற சொல்லில் வையுங்கள், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று படிப்பவருக்கும் கூகுளுக்கும் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்தும் வழி இல்லாத அநாதைப் பக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

படி 6: லிங்க் சம்பாதிப்பது

'எழுத்து + லிங்க்' என்று குறித்த கேள்விகளுக்கு இப்போது வருவோம்.

முதலில் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களின் பட்டியல். உங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின் தளத்தில் சப்ளையர் பக்கம் இருக்கிறதா? நீங்கள் உறுப்பினராக உள்ள வியாபாரிகள் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றுக்குத் தளம் இருக்கிறதா? ஏற்றுமதியாளர் என்றால் அபேடாவில் (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) பதிவு இருக்கும், அதில் உங்கள் தள முகவரி சரியாக இருக்கிறதா? தேசிய தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்கு அங்கீகாரம் தருகிறது, அதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா? பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, எலுமிச்சங்கிரி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையங்களிலோ பயிற்சியில் பேசியிருக்கிறீர்களா? இவற்றில் பலவற்றிலிருந்து லிங்க் வராமலும் போகலாம். வந்தால் அது உண்மையான உறவிலிருந்து வந்த லிங்க். இப்படிப்பட்ட நான்கு லிங்க் கிடைத்தாலும், யாரும் படிக்காத தளங்களிலிருந்து வரும் ஐயாயிரத்துக்கு மேல்.

இரண்டாவது வழி கடினமானது, ஆனால் எனக்குப் பிடித்தது: பிறர் எடுத்துச் சொல்லியே தீர வேண்டிய ஒரு தகவலை உங்கள் தளத்தில் உருவாக்குவது.

ஒகேனக்கல்லில் லாட்ஜ் நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் "ஒகேனக்கல் சுற்றுலா" என்று பக்கம் எழுதினால் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அங்கே வரும் ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன் கேட்கும் கேள்வி, இன்றைக்குப் பரிசல் ஓடுகிறதா என்பது. காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்து தடை என்று தெரிந்து திரும்பிப் போனவர்களின் ஏமாற்றத்தைப் பென்னாகரம் சாலையில் டீக்கடை வைத்திருப்பவர்கள்கூடச் சொல்வார்கள். லாட்ஜ்காரர் தினமும் காலையில் ஒரே பக்கத்தில் தேதி, நீர்வரத்து எத்தனை கன அடி, பரிசல் உண்டா, குளிக்கலாமா என்று நான்கு விவரம் போட்டால் போதும். ஒரு வருடத்தில் அது எந்தெந்த மாதத்தில் தடை அதிகம் என்று சொல்லும் பதிவேடாக மாறிவிடும். பயணம் பற்றி எழுதுபவர்களும் நிருபர்களும் அதற்கு லிங்க் கொடுப்பார்கள், ஏனென்றால் அப்படித் தொகுத்த பதிவு அவர்களுக்கு வேறு இடத்தில் கிடைக்காது.

அதேபோல் மா பருவத்தில் மண்டியில் ரகவாரியாக நடந்த விலை, ராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டி விலை, ஓசூர் ரோஜாவுக்குக் காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் கிடைத்த விலை. தினமும் குறித்தால் மூன்று வருடத்தில் அது சொத்து. கிருஷ்ணகிரியில் மாங்கனி கண்காட்சி நடக்கும் நாள்களில் செய்தி எழுதுபவர்கள் எண்ணைத் தேடி அலைவார்கள். உங்கள் பக்கம் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

கன்டென்டையும் லிங்க்கையும் இரண்டு தனிச் செலவாகப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்வது இதனால்தான். மேற்சொன்ன பதிவேடு கன்டென்ட். அதற்கு வருவது லிங்க்.

இருந்தாலும் வாய் விட்டுக் கேட்கவும் வேண்டும். நான் அனுப்பும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம் அய்யா. ஒகேனக்கல் பயணம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பரிசல் தடை பற்றி அதில் ஒரு வரி வருகிறது. எங்கள் விடுதியின் தளத்தில் ஒவ்வொரு நாளும் பரிசல் ஓடியதா என்று பதிந்து வருகிறோம். முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் வாசகர்கள் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள உதவும் என்று நினைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவலில் பிழை தெரிந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்."

அவர் எழுதியதை உண்மையில் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு நிறுத்திவிடுங்கள்.

சில தளங்கள் நோஃபாலோ குறியோடு லிங்க் தரும். 2005-இல் வந்த இந்தக் குறி, இதை என் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்வது. 2019 முதல் இதைக் கூகுள் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. நிறைய பேர் படிக்கும் செய்தித்தாள் நோஃபாலோவோடு லிங்க் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதன் வழியாக வாங்குபவர் வருவார்.

படி 7: லிங்க்கைக் காசுக்கு வாங்க வேண்டாம்

சந்தூர்ப் பெரியவர் என் பேச்சைக் கேட்டு, லிங்க் வாங்காமல் விட்டார். ஆனால் அதே வருடம் என்னிடம் வந்த இன்னொரு தொழில்காரர் ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தார். அவருடைய தளத்துக்கு எங்கோ இருக்கும் சூதாட்டத் தளங்களிலிருந்தும், அவர் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத வலைப்பூக்களின் கருத்துப் பெட்டிகளிலிருந்தும் லிங்க் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆங்கிலக் கீவேர்டு. தளம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொடுத்த காசு மட்டும் போய்விட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததில் எடுத்துக் கொடுத்ததாக அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த வழிகாட்டியை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றுதான்.

விற்க வருபவர் "டி.ஏ. 50-க்கு மேல்" என்று சொன்னால், டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் கணக்கிடும் எண், கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் முதலிடம் என்று உத்தரவாதம் தந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், அந்த உத்தரவாதத்தைத் தரும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தரவரிசைக்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் விதிப்படி ஸ்பேம். விளம்பரமாகக் காசு கொடுத்து லிங்க் வைப்பது தப்பில்லை, ஆனால் அதற்கு ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பகுதியைப் பாருங்கள், கூகுள் ஊழியர்கள் உங்கள் தளத்தின் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே தெரியும். அங்கே எச்சரிக்கை இல்லையென்றால், பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கூகுள் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கும். இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும், 2012 முதல் உள்ள டிஸ்அவோ கருவி, எச்சரிக்கை வந்தவர்களுக்கும், தாங்களே காசு கொடுத்து வாங்கி எச்சரிக்கை வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும்தான். யாரோ போட்ட நான்கு விசித்திர லிங்க்கைப் பார்த்து அதைத் தொடாதீர்கள், நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

படி 8: எது குறைகிறது என்று அளந்து பாருங்கள்

பக்கம் போட்டு மூன்று, நான்கு மாதம் பொறுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, சராசரி இடம் என்ன, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பாருங்கள்.

நீங்கள் நினைத்த கேள்விகளுக்குப் பக்கம் காட்டப்படவே இல்லை என்றால் குறை எழுத்திலோ தொழில்நுட்பத்திலோ இருக்கிறது. கூகுள் பக்கத்தை இன்டெக்ஸ் செய்ததா (தன் பட்டியலில் சேர்த்ததா) என்று முதலில் பாருங்கள், செய்திருந்தால் ஜனங்கள் பயன்படுத்தும் சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய முறை காட்டப்பட்டும் கிளிக் வரவில்லை, ஆனால் இடம் ஐந்துக்குள் இருக்கிறது என்றால் தலைப்பை மாற்றுங்கள். சரியான கேள்விகளுக்கு 8-லிருந்து 20-க்குள் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது, முன்னால் நிற்பவர்களின் பக்கத்தைவிட உங்களுடையது நன்றாகவே இருக்கிறது என்று வெளியாள் ஒருவரும் படித்துச் சொல்கிறார் என்றால், அப்போதுதான் லிங்க் குறைகிறது என்று அர்த்தம். படி 6-ஐ அந்தப் பக்கத்துக்காகச் செய்யுங்கள். வெளியாளிடம் கேட்பதைத் தவிர்க்காதீர்கள், நம் பக்கம் நமக்கு எப்போதும் நல்லதாகவே தெரியும்.

நம் ஊர்த் தொழில்கள் பருவத்தோடு ஓடுபவை. மழை தொடங்கி நடவுக் காலம் வந்தால் மாங்கன்று தேடல் ஏறும், பிறகு இறங்கும். ஜூலையில் ஏறியதைப் பார்த்து நம் வேலைதான் காரணம் என்றும், ஜனவரியில் இறங்கியதைப் பார்த்து கூகுள் தண்டித்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கிறது. இந்த ஜூலையைப் போன ஜூலையோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. 'மாங்கன்று விலை 2023' என்று ஒரு பக்கம், அடுத்த வருடம் 'மாங்கன்று விலை 2024' என்று புதிதாக இன்னொரு பக்கம், பழையதை அழித்துவிடுவது. பழைய பக்கத்துக்கு யாராவது கொடுத்திருந்த லிங்க் எல்லாம் அதோடு செத்துவிடும். முகவரியில் வருடத்தைப் போடாமல் 'மாங்கன்று விலை' என்று ஒரே முகவரி வைத்து, உள்ளே இருக்கும் விலையையும் தேதியையும் மட்டும் வருடா வருடம் திருத்துங்கள். ஏற்கெனவே மூன்று நான்கு முகவரிகள் உருவாகிவிட்டன என்றால், பழையவற்றை அழிக்காமல் புதிய முகவரிக்கு 301 ரீடைரக்ட் (வருபவரைத் தானாக அங்கே அனுப்பிவிடும் வழி) போடச் சொல்லுங்கள். தளம் செய்து கொடுத்தவருக்குப் பத்து நிமிட வேலை.